கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் உதவி ஆய்வாளரும் மாமூல் கணக்கும்: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு பற்றி

இதில் வரும் எவருடைய பெயரும் இல்லை; காவல் நிலையமும் எதுவென்று சொல்லப்படவில்லை. நான் வழக்கறிஞர். இந்த உதவி ஆய்வாளர் நடுவழியில் சட்ட ஆலோசனைக்காக என்னிடம் வந்தார். அவர் சொன்னது, லாரி உரிமையாளர் ஒருவர் சொன்னது, இருவரும் காட்டிய ஆவணங்கள் ஆகியவற்றை வைத்து, அவர்கள் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஒரு வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருப்பதால் அதன் சாட்சியங்களைத் தொடவில்லை. காவல் துறைக்குப் புதிதாக வருபவர்கள் படித்தால் பயன்படும் என்பதே நோக்கம்.

பின்னணி

2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாம்பழம் ஒரு முகம் என்றால் கல் இன்னொரு முகம். கிரானைட் குவாரிகளும் ஜல்லி, எம்-சாண்ட் அரைக்கும் கிரஷர்களும் இங்கே நிறைய. வடக்கே ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். பெங்களூருவில் கட்டடம் கட்டுபவர்களுக்கு நம் ஊர்க் கல் தேவை. இரண்டையும் இணைப்பது தேசிய நெடுஞ்சாலை 44. இரவு பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு டிப்பர் லாரிகளின் வரிசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கனிமம் ஏற்றிய லாரியில் நடைச்சீட்டு இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே, எவ்வளவு, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். இல்லாமல் ஓட்டுவது 1957-ஆம் ஆண்டின் கனிமங்கள் சட்டப்படி குற்றம்; லாரியையும் பறிமுதல் செய்யலாம். சீட்டே இல்லாத லாரிகள் குறைவு. ஒரே சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு, மூன்று நடை அடிப்பதுதான் வழக்கம். சீட்டைக் கையில் வாங்கி நேரத்தைப் பார்க்கிறவர் இருந்தால் அந்தத் தந்திரம் செல்லாது. ஆகவே பார்க்காமல் இருப்பதற்கு விலை உண்டு.

உதவி ஆய்வாளர் வேறு மாவட்டத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பொறியியல் படித்துவிட்டு, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வில் நேரடியாகத் தேர்வானவர். ஊனமாஞ்சேரி காவல் பயிற்சியகத்தில் பயிற்சி முடித்து, தகுதிகாண் பருவத்திலேயே இந்த நெடுஞ்சாலையோர நிலையத்துக்கு வந்தார். புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் சட்டங்களை முழுதாகப் படித்தவர் அந்த நிலையத்தில் அவர் ஒருவர்தான் என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது. அது சின்ன விஷயமாகத் தோன்றும். இந்த நிகழ்வின் போக்கையே அதுதான் மாற்றியது.

முதல் மாதங்களில் கண்டது

அவர் எதிர்பார்த்து வந்த ஊழல், இரவு ரோந்தில் லாரியை மறித்துக் கையை நீட்டும் காவலர். அப்படி எதுவும் நடக்கவில்லை. நெடுஞ்சாலையில் யாரும் யாரையும் மறிக்கவில்லை. வாகனத் தணிக்கை நடந்தது. இருசக்கர வாகனங்களும் வெளிமாநிலக் கார்களும் நிறுத்தப்பட்டன. டிப்பர்கள் மட்டும் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கடந்தன.

மாதம் பிறந்து முதல் வாரத்தில் ஓர் இடைத்தரகர் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு வருவார். லாரி உரிமையாளர்களிடம் வண்டிக்கு இவ்வளவு என்று வசூலித்த தொகை அவரிடம் இருக்கும். நிலைய எழுத்தரான தலைமைக் காவலர் போய் டீ குடித்துவிட்டு வருவார். பணம் கட்டிய வண்டிகளின் பதிவு எண்கள் ரோந்து செல்பவர்களின் கைப்பேசிக்கு வந்துவிடும். பங்கு பதவிப்படி பிரியும். பாரா காவலருக்கும் ஜீப் ஓட்டுநருக்கும்கூட உண்டு.

இரண்டாம் மாதம் அவர் மேசை இழுப்பறையில் ஓர் உறை இருந்தது.

முதல் முடிவு: வாங்காமல் இருப்பது

உறையை எழுத்தரிடம் திருப்பிக் கொடுத்தார். பெரிய மோதல் வரும் என்று தயாராக இருந்தார். எழுத்தர், "சரிங்க ஐயா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தொகை "நிலையச் செலவு" என்ற கணக்கில் சேர்ந்தது. அன்று மாலை ஆய்வாளர் கூப்பிட்டு அனுப்பினார். கோபம் எதுவும் இல்லை. "வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் தம்பி. நானும் உங்கள் வயதில் அப்படித்தான் இருந்தேன். அடுத்தவன் சோற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்."

இந்த ஏற்பாடு நேர்மையான ஒருவரைத் தாராளமாகத் தாங்கிக்கொள்ளும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கை சுத்தமாக இருந்தால் போதும், பார்த்துப் பார்த்து மற்றவர்களும் மாறுவார்கள் என்ற நம்பிக்கையோடுதான் இளம் அதிகாரிகள் பலர் பணியில் சேர்கிறார்கள். இங்கே அவர் வாங்காததால் ஒரு லாரிகூட நிற்கவில்லை. அவருடைய பங்கு மற்றவர்களுக்குப் போனது, நிலையத்துக்கு வருகிறவர்களிடம் "எங்கள் எஸ்.ஐ. ஒரு பைசா தொடமாட்டார்" என்று சொல்லிக்கொள்ள ஒரு பெருமையும் கிடைத்தது.

மூன்று லாரிகள் நின்ற இரவு

அடுத்து அவர் எடுத்த முடிவு ஆவேசத்தில் எடுத்தது. ஓர் இரவு ரோந்தில் தானே சாலையில் இறங்கி மூன்று டிப்பர்களை நிறுத்தினார். மூன்றிலும் நடைச்சீட்டு இருந்தது. மூன்றிலும் புறப்பட்ட நேரம் மாலை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர் சுமார். மாலையில் புறப்பட்ட சுமை நள்ளிரவுக்கு மேல் இன்னும் வழியில் இருக்கிறது என்றால், இது முதல் நடை இல்லை. லாரிகளை நிலைய வளாகத்துக்குக் கொண்டுவந்து, சாவிகளைப் பாரா காவலரிடம் கொடுத்துவிட்டு, காலையில் வழக்குப் பதியலாம் என்று ஓய்வெடுக்கப் போனார்.

காலையில் ஒரு லாரிதான் இருந்தது. அதுவும் டயர் பஞ்சரானதால். நிலையத்தில் அன்றாடம் நடப்பதை எழுதும் பொது நாட்குறிப்பில், "சந்தேகத்தின்பேரில் நிறுத்தப்பட்ட வாகனங்களின் ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு அனுப்பப்பட்டன" என்று ஒரு வரி இருந்தது. சரிபார்த்தவர் பெயர் இல்லை. கண்காணிப்புக் கேமரா பதிவைக் கேட்டபோது கருவி பழுது என்றார்கள். காவல் நிலையங்களில் கேமரா பதிவை 18 மாதங்கள், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டிருக்கிறது. ஆணை இருக்கிறது, பழுதும் இருக்கிறது.

அவர் துணைக் கண்காணிப்பாளரிடம் போனார். "எழுதிக் கொடுங்கள்" என்றார் அவர். எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் "அறிக்கை அனுப்பவும்" என்ற குறிப்போடு, யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த ஆய்வாளரின் மேசைக்கே வந்தது. அரசு அலுவலகங்களில் புகார்கள் செல்லும் பாதை தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அவருக்கு வியப்பாக இருந்தது.

பிறகு நடந்தவை வரிசையாக வந்தன. தொடர்ந்து திருவிழா பந்தோபஸ்து. காலை அணிவகுப்புக்குத் தாமதமாக வந்ததாக மெமோ. நிலைய ஜீப் அவருக்கு மட்டும் டீசல் இல்லாமல் போனது. கடைசியாக, உயரதிகாரிகளுக்கு ஒரு மொட்டை மனு: லாரி ஓட்டுநர்களை இரவில் மடக்கிப் பணம் கேட்கிறார், கொடுக்காதவர்களின் வண்டியை நிலையத்தில் நிறுத்துகிறார் என்று. தேதியும் வண்டி எண்களும் சரியாக இருந்தன. அன்று இரவு அவர் வழக்குப் பதியாமல் லாரிகளைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தது, அந்தக் குற்றச்சாட்டுக்கு வாகாக அமைந்துவிட்டது. துறை விதிகளின்படி விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு இது வேலையையே பறிக்கக்கூடிய விஷயம். அந்த அறிவிப்போடுதான் என்னிடம் வந்தார்.

எழுத்தரின் கணக்கு

அந்த நாட்களில் நிலையத்தில் அவரிடம் இயல்பாகப் பேசியவர் எழுத்தர் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் சேவை. மகள் செவிலியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஓர் இரவு அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். அதில் வரவு இல்லை, செலவு மட்டும்: காகிதக் கட்டு, பிரிண்டர் மை, ஒதுக்கீடு தீர்ந்த பிறகு ஜீப்புக்குப் போட்ட டீசல், நெடுஞ்சாலை விபத்தில் இறந்து உரிமை கோரப்படாத உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி வாடகை, அதை அடக்கம் செய்தவர்களுக்குக் கூலி, கைதிக்குச் சாப்பாடு, பந்தோபஸ்துக்கு வந்த வெளி நிலையக் காவலர்களுக்குத் தேநீர். "இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று எந்த அதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை ஐயா. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்."

நெடுஞ்சாலையோர நிலையங்களில் உரிமை கோரப்படாத உடல்களின் செலவு கற்பனை அல்ல. அரசு பின்னால் தரும் தொகை, கைவிட்டுப் போனதற்கு ஈடாகாது என்பது காவலர்கள் எல்லாரும் சொல்வது.

உதவி ஆய்வாளர் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர் செய்த காரியங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஒரு மாதம் முழுக்க நிலையத்தின் உண்மையான செலவைத் தனியாக எழுதி வந்தார். எது அரசிடம் கேட்டுப் பெறக்கூடியது, எதற்குப் பட்டியலே அனுப்பப்படுவதில்லை, எதற்கு ஒதுக்கீடே கிடையாது என்று பிரித்தார். முடிவில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. செலவு உண்மை. ஆனால் வசூலாவதில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிணத்துக்குக் கட்டிய கூலியைக் காட்டித்தான் மீதி எல்லாம் நியாயமாகிக்கொண்டிருந்தது. கேட்டுப் பெறக்கூடிய செலவுகளுக்கு உரிய பட்டியல்களைத் தயாரித்து அவரே மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பத் தொடங்கினார். சில வந்தன, சில வரவில்லை.

வழியை மாற்றியது

என்னிடம் வந்தபோது அவர் கேட்டது, ஆய்வாளர் மீது நேரடியாக எங்கே புகார் கொடுக்கலாம் என்று. கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டேன். நேரில் பார்த்தது தவிர வேறு இல்லை. முறைகேட்டை வெளிக்கொணர்பவர்களைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது; அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி ஒரு தகுதிகாண் அதிகாரி கழுத்தை நீட்ட முடியாது.

பேசப் பேச ஒன்று தெளிவானது. லாரி பிடிபடுவதற்கும் வழக்கு பதிவாவதற்கும் இடையே உள்ள சில மணி நேரம்தான் விற்பனைக்குரிய சரக்கு. அந்த இடைவெளியில் பிடிபட்ட லாரியைப் பற்றிய எந்தத் தகவலும் நிலையத்தை விட்டு வெளியே போகாது. எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும். அந்த நேரத்தை அடைத்துவிட்டால் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது.

அதற்கான கருவி புதிய சட்டத்திலேயே இருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, பொருளைக் கைப்பற்றுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்து, தாமதமின்றி நீதித்துறை நடுவருக்கோ உரிய நிர்வாக நடுவருக்கோ அனுப்பச் சொல்கிறது. தேடுகிற காவலரைக் கட்டுப்படுத்த வந்த பிரிவு அது. அவர் அதைத் தன் நிலையத்தையே கட்டுப்படுத்தப் பயன்படுத்தினார். கனிமத் திருட்டுக்குத் தனியாகத் திருட்டு வழக்குப் பதியக் காவல் துறைக்குத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே கனிமவளத் துறையின் புகாருக்காகக் காத்திருக்கவும் தேவை இல்லை.

மறு மாதம் முதல் அவர் செய்தது இதுதான். லாரி நின்ற இடத்திலேயே கைப்பேசியில் பதிவு; அதில் நடைச்சீட்டின் நேரமும் எண் பலகையும் ஒரே காட்சியில். சாட்சிகள் கையெழுத்து. நிலையத்துக்கு வந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன், முதல் தகவல் அறிக்கை. அதே இரவில் கனிமவளத் துறைக்கும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல். விடிந்ததும் பதிவு நீதிமன்றத்துக்கு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணையும் அவருக்குத் துணை நின்றது.

யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. ஆய்வாளர் கேட்டபோது, "சட்டம் மாறிவிட்டது ஐயா, அனுப்பாவிட்டால் என் மீதுதான் கேள்வி வரும்" என்றார். பொய்யில்லை. பயந்தவனைப்போலப் பேசியதை ஒரு தந்திரம் என்று யாராவது குறை சொன்னால் நான் ஏற்கமாட்டேன்; மொட்டை மனுவுக்குப் பிறகு அவருக்கு உண்மையாகவே பயம் இருந்தது.

சில வாரங்களில் அவர் பணியிலிருக்கும் இரவுகளில் டிப்பர்கள் குறைந்தன. ராயக்கோட்டைப் பக்கம் சுற்றிப் போகத் தொடங்கின. இடைத்தரகருக்கு எரிச்சல். பணம் கட்டியும் வண்டி மாட்டுகிறதே என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். இழப்பை ஈடுகட்ட, வசூலிப்பவர்கள் எல்லா அனுமதியும் சரியாக வைத்திருந்த சிறிய உரிமையாளர்களிடமும் பணம் கேட்க ஆரம்பித்தார்கள். ஏற்பாடு அங்கேதான் உடைந்தது.

லாரி உரிமையாளரின் புகார்

ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி ஓட்டும் ஒருவர் உதவி ஆய்வாளரிடம் வந்து, சீட்டு சரியாக இருந்தும் மாதம் பணம் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் ஏதாவது வழக்கில் வண்டியை நிறுத்துவோம் என்கிறார்கள் என்றார். முன்பு ஒருமுறை கொடுத்திருந்தார். கொடுத்ததும் குற்றமாயிற்றே என்பது அவர் பயம். 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அது பொருந்தாது. முன்கூட்டியே விசாரணை அமைப்பிடம் சொல்லிவிட்டு அவர்களுக்கு உதவக் கொடுத்தாலும் பொருந்தாது.

இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்ள முடிவு செய்தார். லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்கப் பொறி வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கூடவே நின்றால், ஆய்வாளரைப் பழிவாங்க ஆள் தயார் செய்தார் என்று வழக்கு கெட்டுவிடும். சட்டம் இப்படி இருக்கிறது, வழக்கறிஞரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். உரிமையாளர் யோசித்து, வீட்டில் பேசி, ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் தானே போனார். கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குகளுக்கு அரசின் முன் அனுமதி தேவையில்லை என்பதால் அது விரைவில் நடந்தது.

பினாப்தலின் என்ற வேதிப்பொடி தடவிய நோட்டுகளை, எதிரே இருந்த அதே டீக்கடையில், வாங்கியவர் எழுத்தர். சோடியம் கார்பனேட் கரைசலில் கையை நனைத்தபோது நீர் இளஞ்சிவப்பானது; அந்த நோட்டுகளைத் தொட்டதற்கு அது அடையாளம்.

பிறகு நடந்தவை

எழுத்தர் கைதாகி, பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இடைத்தரகர் மீதும் வழக்கு. ஆய்வாளர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய், சில மாதங்களில் வேறு மாவட்டத்தில் பணி பெற்றார்; அவரைத் தொடும் ஆதாரம் எதுவும் குற்றப்பத்திரிகையில் இல்லை. எழுத்தர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவரை அறிந்தவர்களுக்கு ஊகம் உண்டு. ஊகத்தை இங்கே எழுத மாட்டேன்.

உதவி ஆய்வாளரை மிகவும் அலைக்கழித்தது இதுதான். தனக்கு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டிய மனிதர் சிறைக்குப் போனார். "தம்பி" என்று அறிவுரை சொன்னவர் இடம் மாறினார். பக்கத்து தர்மபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி வழக்கை அவர் அடிக்கடி குறிப்பிடுவார். 1992-ல் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் அரசுத் துறையினர் நடத்திய கொடுமைக்கு 269 பேர் மீது வழக்கு. 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் காவல் துறையினரும் உண்டு. அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் போன்றோர் மீது நடவடிக்கை எடுக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்னது 2023-ல். கீழே இருப்பவரை எட்டிய சட்டம் மேலே ஏற இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தது. எழுத்தர் நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. பணத்தைத் தொட்டவர் அவர். தொடும் வேலை எப்போதும் தலைமைக் காவலருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதும் தற்செயல் இல்லை.

உதவி ஆய்வாளரும் அதே காலாண்டில் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டார். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. லாரி உரிமையாளருக்குச் சில மாதங்கள் கிரஷர்களில் சுமை கிடைக்கவில்லை. பிறகு கிருஷ்ணகிரியை விட்டு வேலூர்ப் பக்கம் ஓட்டத் தொடங்கினார்.

நிலையத்தில் ஒன்று மட்டும் நிலைத்தது. புதிதாக வந்த ஆய்வாளர், முன்னவருக்கு நேர்ந்ததைப் பார்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளவோ என்னவோ, கைப்பற்றியதும் பதிவு, உடனே வழக்கு என்ற முறையை எல்லா உதவி ஆய்வாளர்களுக்கும் எழுத்துவழி உத்தரவாக்கினார்.

மாற்ற வேண்டியவை

மூன்று லாரிகளை நிறுத்திய இரவைப்பற்றி உதவி ஆய்வாளரிடம் கேட்டேன். நிறுத்தியது சரி, தூங்கப் போனது தவறு என்றார். என் பார்வை சற்று வேறு: அன்று அவர் விழித்திருந்தாலும், அந்த லாரிகளைப் பற்றிய தாள் ஒன்றுகூட நிலையத்துக்கு வெளியே இல்லாதவரை, சாவி கைமாறுவதற்கு இன்னொரு வழி கிடைத்திருக்கும்.

நிலையச் செலவுக்கு உண்மையான ஒதுக்கீடு, குறிப்பாக உரிமை கோரப்படாத உடல்களுக்கு, உடனுக்குடன் எடுக்கக்கூடிய முன்பணமாக வேண்டும். நேர்மையைப் பற்றி நூறு வகுப்பு எடுப்பதைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். பயிற்சியகத்தில் பொது நாட்குறிப்பு எழுதச் சொல்லித் தருகிறார்கள். பிறர் எழுதிய நாட்குறிப்பில் இல்லாத பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவதில்லை. கேமரா பழுது என்றால் எந்தத் தேதியிலிருந்து, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பதை அன்றே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஓர் அதிகாரி மீதான புகாரை அவரிடமே அறிக்கைக்கு அனுப்புவதை நிறுத்துவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். புகார் கொடுத்த இளம் அதிகாரி மீது சில வாரங்களுக்குள் வரும் மொட்டை மனுவையும் வேறு உட்கோட்டத்து அதிகாரி விசாரிக்க வேண்டும். இந்த நிகழ்வில் அந்த மனுவின் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. கோப்பில் "போதிய ஆதாரம் இல்லை" என்றே இருக்கிறது. பொய்யான மனு என்று எழுதப்படவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் காலத்தில் அந்த வரி எதிரே வரும் என்பதால், அதைத் திருத்தக் கோரி அவர் கொடுத்த மனு இப்போது நிலுவையில் இருக்கிறது.